லட்சத்துக்கு எத்தனை பேர்?

நான்கு கோடுகள் உள்ள ஒரு வரைபடம். ஃபின்லாந்து, ஸ்வீடன், நார்வே, டென்மார்க் ஆகிய நாடுகளில் 1950-இலிருந்து 2000 வரை, மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு எத்தனை பேர் சிறையில் இருந்தார்கள் என்று காட்டுவது. மூன்று கோடுகள் அடியில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் போகின்றன. நான்காவது ஃபின்லாந்தின் கோடு. அது உச்சியில் 190-ஐ ஒட்டித் தொடங்கி, ஐம்பது வருடம் இறங்கி இறங்கி, கடைசியில் மற்ற மூன்றோடு கலந்துவிடுகிறது.

குற்றவியல் படித்தவர்களுக்கு இது பழகிய படம். இதன் பக்கத்திலேயே இன்னொரு படத்தையும் வழக்கமாகப் போடுவார்கள். அதே நாடுகள், அதே ஆண்டுகள், காவல்துறையில் பதிவான குற்றங்களின் எண்ணிக்கை. அதில் நான்கு கோடுகளும் சேர்ந்தே ஏறுகின்றன, தொண்ணூறுகளில் சேர்ந்தே சமனாகின்றன. நாட்டின் பெயர்களை அழித்துவிட்டு அந்த இரண்டாவது படத்தை மட்டும் நீட்டி, "இதில் எந்த நாடு தன் சிறைகளில் முக்கால்வாசியைக் காலி செய்தது?" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

இந்த இரண்டு படங்களையும் பார்த்ததிலிருந்து எனக்கு இந்த எண்களின் மேல் தீராத ஈடுபாடு. ஒவ்வொரு கொடூரமான செய்தி வரும்போதும் "எல்லாரையும் பிடிச்சு உள்ள போடணும், அப்பதான் நாடு உருப்படும்" என்று சொல்பவர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் எத்தனை பேரை உள்ளே போடுகிறோம் என்பதற்கும் எவ்வளவு குற்றம் நடக்கிறது என்பதற்கும் நாம் நினைக்கிற அளவுக்கு உறவில்லை. இதைப் பல நாடுகள் பல பத்தாண்டுகளாகத் தங்கள் மேலேயே சோதித்துப் பார்த்துவிட்டன. கணக்கு கண்முன்னே கிடக்கிறது.

ஃபின்லாந்தில் என்னதான் நடந்தது? முதலில், அங்கே ஏன் அவ்வளவு பேர் உள்ளே இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1918-இல் உள்நாட்டுப் போர், தோற்ற தரப்பினர் பல்லாயிரக்கணக்கில் முகாம்களில் அடைபட்டார்கள். பிறகு சோவியத் ஒன்றியத்தோடு இரண்டு போர்கள். கடுமை பழகிப்போன நாடு அது. குற்றவியல் சட்டமோ ரஷ்யப் பேரரசுக்குக் கீழ் இருந்த காலத்தில், 1889-இல், எழுதப்பட்டது. திருட்டுக்கு அதில் மிக நீண்ட தண்டனை. போருக்குப் பிந்தைய வறுமையில் திருடியவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் நேராகச் சிறைதான். ஹெல்சிங்கி விமான நிலையத்தைக் கட்ட மண் சுமந்தவர்களில் அப்படித் தண்டனை பெற்று வந்தவர்களும் உண்டு.

அறுபதுகளில் அங்கே சிலர் அண்டை நாடுகளோடு தங்கள் எண்ணை ஒப்பிட ஆரம்பித்தார்கள். குற்றவியல் அறிஞர் இன்கெரி அன்ட்டிலா அவர்களில் முக்கியமானவர். சட்டக்கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்தியவர், 1975-இல் நீதி அமைச்சராகவும் இருந்தார். பாட்ரிக் டோர்னுட் இன்னொருவர். இத்தனை பேரைச் சிறையில் வைத்திருப்பது நாட்டுக்கு அவமானம் என்பதில் சட்டம் எழுதும் அதிகாரிகள், நீதிபதிகள், ஆராய்ச்சியாளர்கள், சிறைத்துறையினர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மனதாக இருந்தார்கள் என்று டோர்னுட் பின்னாளில் எழுதினார். எனக்கு இந்த வரி மிகவும் முக்கியமாகப் படுகிறது. குற்றம் குறைந்ததால் அவர்கள் சிறையைக் குறைக்கவில்லை. குற்றம் ஏறிக்கொண்டிருந்த காலத்திலேயே குறைத்தார்கள். மற்ற மூன்று நாடுகளைவிட ஃபின்லாந்தில் கொலை எப்போதுமே அதிகம். அப்படியிருந்தும் குறைத்தார்கள்.

செய்த வேலைகளில் ஆரவாரமே கிடையாது. 1969-இல், பொது இடத்தில் குடித்துவிட்டுக் கிடப்பது குற்றம் என்ற சட்டத்தை எடுத்தார்கள். அபராதம் கட்ட முடியாதவர்கள் சிறையில் கழிக்க வேண்டிய நாட்களைக் குறைத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் திருட்டுக்கான தண்டனையைத் திருத்தினார்கள். திருட்டுக்கு விதிக்கப்பட்ட சிறைக்காலம் 1971-இல் நடுமட்டமாக ஏழு மாதத்துக்கு மேல் இருந்தது, 1991-இல் மூன்று மாதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 1971-இல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களில் நூற்றுக்கு 70 பேர் சிறைக்குப் போனார்கள். பத்தே வருடத்தில் அது 12 ஆனது, மற்றவர்களுக்கு அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும். தொண்ணூறுகளில் சிறைக்குப் பதில் சமூகப் பணி வந்தது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு சின்னத் திருகாணியைத் தளர்த்துவது போலத்தான். எதுவும் தலைப்புச் செய்தி ஆகவில்லை. எந்தத் தேர்தலும் இதை வைத்து நடக்கவில்லை. எண் மட்டும் 190-இலிருந்து 50 சொச்சத்துக்கு வந்துவிட்டது.

மேலே போகுமுன் இந்த எண் எதை அளக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு குறிப்பிட்ட நாளில் சிறையில் இருப்பவர்களை எண்ணி, மொத்த மக்கள்தொகையால் வகுத்து, லட்சத்தால் பெருக்குவது. அவ்வளவுதான். எத்தனை பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு நாள் இருக்கிறார்கள் என்ற இரண்டின் பெருக்கல்தான் அந்த ஒரு நாள் எண்ணிக்கை. ஆயிரம் பேர் ஒரு மாதம் இருந்தாலும், நூறு பேர் பத்து மாதம் இருந்தாலும் எண் ஒன்றே. அதனால் இரண்டு நாடுகளின் எண் சமமாக இருப்பதை வைத்து அவற்றின் சிறைகளும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. எண்ணும் முறையிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்க அரசின் ஒரு புள்ளிவிவரம் ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்களை மட்டும் கணக்கில் எடுக்கும், உள்ளூர்ச் சிறைகளில் விசாரணைக்குக் காத்திருப்பவர்களை விட்டுவிடும். ஆஸ்திரேலியா 18 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் வகுக்கும் எண்ணாக வைத்துக்கொள்ளும், அதனால் அதன் விகிதம் பெரிதாகத் தெரியும். இந்த வித்தியாசங்களைச் சரிசெய்து எல்லா நாடுகளையும் ஒரே பட்டியலில் கொண்டுவரும் வேலையை ராய் வாம்ஸ்லி என்பவர் 1999-இல் தொடங்கினார். இப்போது லண்டன் பல்கலைக்கழகத்தின் பர்க்பெக் கல்லூரியில் அது தொடர்கிறது. உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சிறையில் இருக்கிறார்கள் என்பது அங்கிருந்து வரும் கணக்கு. லட்சத்துக்குச் சுமார் 140.

அமெரிக்காவின் கோடு ஃபின்லாந்தின் கோட்டைத் தலைகீழாகப் பிடித்தது போல இருக்கும்.

1973-இல் ஆல்ஃப்ரட் புளூம்ஸ்டைன், ஜாக்குலின் கோஹென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கச் சிறைகளில் தண்டனை அனுபவிப்போர் விகிதம் 1930-இலிருந்து நாற்பது வருடமாக லட்சத்துக்கு 110-ஐச் சுற்றியே நிற்கிறது, குற்றம் ஏறினால் சமூகம் சின்னக் குற்றங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டு, தண்டனையின் அளவைத் தானாகவே நிலையாக வைத்துக்கொள்கிறது என்பது அவர்களுடைய கருத்து. தரவுகள் அதைத்தான் சொல்லின. அதே 1973-இல் நியூயார்க் மாநிலத்தில் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரின் போதைப்பொருள் சட்டம் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஹெராயின் விற்றால் குறைந்தது 15 ஆண்டு. நீதிபதிக்குக் குறைக்க வழியில்லை. நாற்பது வருடம் நிலையாக நின்ற கோடு அந்தச் சமயத்தில்தான் மேலே கிளம்பியது, அதன்பின் முப்பத்தைந்து வருடம் இறங்கவே இல்லை.

1986-இல் மத்தியச் சட்டம் வந்தது. கட்டியாக்கிப் புகைக்கும் கொகெயினான கிராக்கை ஐந்து கிராம் விற்றால், விற்க வைத்திருந்தால் ஐந்தாண்டு. அதே ஐந்தாண்டு கிடைக்கத் தூள் கொகெயின் என்றால் 500 கிராம் வேண்டும். கிராக் வழக்குகளில் சிக்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். நூற்றுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தைப் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைக்க 2010 ஆயிற்று. 1994-இல் கலிஃபோர்னியாவில் மூன்றாவது குற்றத்துக்கு 25 ஆண்டு முதல் ஆயுள்வரை. உள்ளூர்ச் சிறைகளையும் சேர்த்துப் பார்த்தால், எழுபதுகளின் தொடக்கத்தில் லட்சத்துக்கு 160-ஐ ஒட்டி இருந்த எண் 2008 வாக்கில் 750-ஐத் தாண்டியது. இருபத்து மூன்று லட்சம் மனிதர்கள். நாட்டின் மக்களில் ஏழு பேரில் ஒருவர்கூட இல்லாத கறுப்பின மக்கள், சிறைக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

"அதனால்தானே அங்கே குற்றம் குறைந்தது?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1991-இல் லட்சத்துக்கு 9.8 ஆக இருந்த கொலை விகிதம் 2014-இல் 4.4 ஆனது உண்மை. இங்கேதான் எல்லைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். கனடாவின் கொலை விகிதம் அமெரிக்காவுடையதைவிட எப்போதும் மிகக் குறைவு. ஆனால் அது ஏறிய காலமும் இறங்கிய காலமும் ஏறக்குறைய அமெரிக்காவோடு ஒத்துப்போகின்றன. எழுபதுகளின் நடுவில் லட்சத்துக்கு மூன்று, பிறகு இறக்கம், புது நூற்றாண்டில் இரண்டை ஒட்டி. இந்த முழுக் காலமும் கனடாவின் சிறை விகிதம் 100-ஐ ஒட்டியே நின்றது. ஒரு நாடு சிறையை நான்கு மடங்குக்கு மேல் பெருக்கியது, பக்கத்து நாடு அசையாமல் நின்றது, குற்றம் இரண்டிலும் இறங்கியது. சிறைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அதற்குக் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2014-இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. 1980-க்குப் பிந்தைய பெருக்கத்துக்குக் குற்றம் கூடியதோ, காவல்துறை அதிகம் பேரைப் பிடித்ததோ காரணமில்லை என்றது. கைதானவர்களில் அதிகம் பேரைச் சிறைக்கு அனுப்பியதும், அனுப்பியவர்களை அதிக காலம் வைத்திருந்ததும்தான் காரணம். இரண்டுமே சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் எடுத்த முடிவுகள்.

அமெரிக்காவுக்கு உள்ளேயே சான்று உண்டு. ராக்ஃபெல்லர் சட்டம் பிறந்த அதே நியூயார்க் மாநிலச் சிறைகளில் 1999-இல் 72,000-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 2022 வாக்கில் சுமார் 31,000. அந்தச் சட்டத்தை 2009-இல் தளர்த்தினார்கள், அதற்கு முன்பே வழக்குகளைக் கையாளும் விதம் மாறியிருந்தது. சிறைகள் மூடப்பட்டுக்கொண்டே வந்த அந்த இருபது வருடத்தில் நியூயார்க் நகரம் முன்னைவிடப் பாதுகாப்பான இடமாகத்தான் ஆனது.

இங்கிலாந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1993 அக்டோபரில் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்ட் தன் கட்சி மாநாட்டில் சிறை பலன் தருகிறது என்று முழங்கினார். அப்போது இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் சுமார் 45,000 பேர். இருபது வருடத்தில் 85,000-ஐத் தாண்டியது. ஒரு தகவலை மட்டும் என்னால் விட முடியவில்லை. விடுதலைத் தேதி குறிக்காத ஒரு தண்டனையை 2005-இல் கொண்டுவந்தார்கள். அது அநியாயம் என்று ஒப்புக்கொண்டு 2012-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏற்கனவே அந்தத் தண்டனை பெற்றவர்களுக்கு விலக்கு இல்லை. சட்டமே போய்ப் பத்தாண்டுக்கு மேலான பிறகும், ஒருமுறைகூட வெளியே விடப்படாமல் அதில் மாட்டியிருந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். 2024 செப்டம்பரில் சிறைகளில் இடமே இல்லாமல், தண்டனையில் 40 சதவீதம் முடித்தவர்களை அரசு கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்ப வேண்டியிருந்தது.

நெதர்லாந்தின் கோடு மலைபோல் ஏறி இறங்குகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் லட்சத்துக்கு 25-ஐக்கூடத் தொடவில்லை. உலகமே அதை முன்மாதிரி என்று சொன்னது. பிறகு முப்பது வருடம் விடாமல் ஏறி, 2006 வாக்கில் 120-ஐத் தாண்டியது. தாராள மனம் கொண்ட நாடு என்று பெயரெடுத்ததால் எண் தானாகக் குறைவாக இருந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதற்குப் பிறகு அதே நாடு பத்தே வருடத்தில் அதைப் பாதியாகக் குறைத்தது. சிறைகள் காலியாகி, டில்பர்க் நகரச் சிறையை 2010 முதல் 2016 வரை பெல்ஜியத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். ஃபீன்ஹவுசென் ஊரில் இருந்த சிறையில் 2015 முதல் 2018 வரை நார்வேயின் கைதிகள் இருந்தார்கள். ருர்மொண்ட் நகரில் பழைய சிறை ஒன்று இன்று தங்கும் விடுதி.

இந்த இடத்தில் ஒரு நியாயமான சந்தேகம் எழ வேண்டும். உள்ளே இல்லாதவர்கள் எங்கே போனார்கள்? லயனல் பென்ரோஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1939-இலேயே இதைக் கேட்டார். ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு, மனநல மருத்துவமனைகளில் கூட்டம் அதிகமுள்ள நாடுகளில் சிறைக்கூட்டம் குறைவாக இருப்பதைக் காட்டினார். அமெரிக்காவில் 1955-இல் மாநில மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அதன்பின் அவை மூடப்பட்டன. பெர்னார்ட் ஹார்கோர்ட் என்ற சட்ட அறிஞர் சிறையையும் மனநல மருத்துவமனையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அமைதியான காலம் என்று நாம் நினைக்கும் ஐம்பதுகளிலேயே அமெரிக்கா மிகப் பெரும் எண்ணிக்கையில் மனிதர்களைப் பூட்டித்தான் வைத்திருந்தது என்று தெரிந்தது. அயர்லாந்தில் ஐம்பதுகளில் சிறைக்கூட்டம் மிகச் சொற்பம். ஆனால் மனநல விடுதிகள், சிறுவர் தொழிற்பள்ளிகள், 'வழி தவறியவர்கள்' என்று பெண்களை அடைத்து வேலை வாங்கிய மக்தலேன் சலவையகங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். அந்தப் பெண்களும் குழந்தைகளும் எந்தச் சிறைப் புள்ளிவிவரத்திலும் இல்லை. ஒரு நாட்டின் எண் சின்னதாக இருக்கிறது என்று யாராவது பெருமைப்பட்டால், அங்கே வேறு என்னென்ன கதவுகள் பூட்டியிருக்கின்றன என்று நான் முதலில் தேடுவது இதனால்தான்.

எதிர்வாதத்தின் மிக வலுவான சான்றையும் பார்த்துவிட வேண்டும். எல் சால்வடோர். 2015-இல் அங்கே லட்சத்துக்கு நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், போர் நடக்காத நாடுகளில் உலகிலேயே மிக மோசமான நிலை. 2022 மார்ச்சில் மூன்று நாளில் 87 பேர் கொல்லப்பட்டதும் அதிபர் நயீப் புகேலே நெருக்கடி நிலையை அறிவித்தார். 80,000-க்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். நாற்பதாயிரம் பேருக்கு இடமுள்ள ஒரு பெருஞ்சிறை 2023-இல் திறக்கப்பட்டது. இன்று நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் உள்ளே, உலகிலேயே மிக அதிகம். கொலைகள் மிகக் குறைந்துவிட்டன. அங்கே வாழும் ஒரு தாய் தன் மகன் இரவில் உயிரோடு வீடு திரும்புவதைப் பார்த்து நிம்மதி அடைகிறாள் என்றால், அந்த நிம்மதியை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு உரிமையில்லை.

ஆனால் தேதிகளைப் பாருங்கள். 2015-இல் நூறுக்கு மேல் இருந்த விகிதம், நெருக்கடி நிலைக்கு முந்தைய ஆண்டான 2021-இலேயே இருபதுக்குக் கீழே வந்திருந்தது. இறக்கத்தின் பெரும்பகுதி கைதுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. பிடிபட்டவர்களில் சில ஆயிரம் பேர் குற்றமற்றவர்கள் என்று அரசே விடுவித்திருக்கிறது. அவர்களும் தாய்மாரின் பிள்ளைகள்தான். இந்த நாட்டின் கதை இன்னும் முடியவில்லை. பிரேசிலின் கதையைக் கொஞ்சம் நீண்டகாலம் பார்க்க முடிகிறது. 1990-இல் அங்கே சுமார் 90,000 பேர் சிறையில், 2010-களின் இறுதியில் ஏழு லட்சத்துக்கு மேல். கொலைகள் குறையவில்லை, 2017-இல் உச்சத்தைத் தொட்டன. சாவோ பாவ்லோவின் கரந்திரு சிறையில் 1992-இல் காவல்துறை 111 கைதிகளைக் கொன்றது. மறு ஆண்டு அந்த மாநிலத்திலேயே தௌபதே சிறைக்குள் கைதிகள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, இன்று தென் அமெரிக்காவிலேயே பெரிய குற்றக் கும்பல்களில் ஒன்று. உள்ளே தள்ளப்பட்ட ஒவ்வொரு புது இளைஞனும் அதற்கு ஓர் ஆள் ஆனான்.

இனி நம் நாடு. இந்தியாவின் எண் 2022-இல் லட்சத்துக்குச் சுமார் 41. உலகப் பட்டியலில் மிகக் கீழே, ஃபின்லாந்துக்கும் கீழே. இதை வைத்து நாம் இரக்கமுள்ள சமூகம் என்று முடிவுகட்டிவிட முடியுமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். மொத்தம் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். குற்றம் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். உலக அளவில் இந்தப் பங்கு மூன்றில் ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும். தண்டனை பெற்று உள்ளே இருப்பவர்களை மட்டும் எண்ணினால், இந்தியாவின் விகிதம் லட்சத்துக்குப் பத்துகூட வராது. அதாவது நம்மூர்ச் சிறை முதன்மையாகத் தண்டனை தரும் இடமாக இல்லை, காத்திருக்க வைக்கும் இடமாக இருக்கிறது. இடமோ 4,36,266 பேருக்குத்தான். நூறு பேர் படுக்கும் இடத்தில் 131 பேர். இந்தக் கூட்டத்தில் தலித்துகள், பழங்குடியினர், முஸ்லிம்கள் ஆகியோர் மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிட அதிகம் இருக்கிறார்கள்.

இது நேற்று வந்த நோய் இல்லை. 1979-இல் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபணமானால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் அடைபட்டுக் கிடந்தது பத்திரிகைக் கட்டுரைகளால் வெளியே வந்தது. வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு அதுதான். விரைவான விசாரணை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி பி.என். பகவதி அமர்வு சொன்னது. பல்லாயிரம் பேர் வெளியே வந்தார்கள். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைச் சிறையிலேயே கழித்துவிட்ட விசாரணைக் கைதியை விடலாம் என்ற விதி 2006-இல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டம், முதல்முறை வழக்கில் சிக்கியவர்களுக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. சட்டப் புத்தகத்தில் குறை அதிகமில்லை. இருந்தும் விசாரணைக் கைதிகளின் பங்கு 2002 வாக்கில் நூற்றுக்கு எழுபதை ஒட்டி இருந்தது, 2022-இல் எழுபத்தைந்துக்கு மேல்.

தமிழ்நாட்டுச் சிறைகளில் பல வடமாநிலங்களைப் போல நெரிசல் இல்லை. ஆனால் விசாரணையே இல்லாமல் ஓராண்டுவரை அடைத்து வைக்கும் தடுப்புக்காவலில் நாம் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறோம். 1982-இல் வந்த சட்டம், எல்லோரும் குண்டர் சட்டம் என்று சொல்வது. உயர் நீதிமன்றம் இந்த ஆணைகளைத் தொடர்ந்து ரத்து செய்துகொண்டே இருக்கிறது. ரத்து ஆவதற்குள் ஆள் மாதக்கணக்கில் உள்ளே இருந்துவிடுகிறார்.

சில காலம் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தா வேலை பார்த்தேன். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் ஆள் வெளியே வராமல் கிடப்பதை அங்கேதான் பார்த்தேன். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும். ரேஷன் அட்டை, சொத்து வரி ரசீது, இரத்த உறவு என்றால் இன்னும் நல்லது. கட்டட வேலைக்கு வந்த வெளியூர்ப் பையனுக்கு இந்த ஊரில் யார் சொத்து வரி ரசீதோடு வந்து நிற்பார்? அவன் அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, "ஐயா, ஜாமீன் கெடச்சிருச்சுன்னு சொன்னீங்களே, பிள்ளையக் காணோமே" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாமல் கோப்பைப் புரட்டுவேன். அப்படி உள்ளே இருந்த ஒவ்வொருவரும் அந்த 4,34,302-இல் ஒன்று.

ஃபின்லாந்துக்கு இங்கே மறுபடி போகத் தோன்றுகிறது. 1921-இலிருந்தே அங்கே அபராதத்தை ஆளின் தினசரி வருமானத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். 2002-இல் நோக்கியா நிறுவன அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனதற்கு 1,16,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது உலகச் செய்தியானது. கூலித் தொழிலாளி அதே தவறைச் செய்தால் அவர் கட்டக்கூடிய தொகைதான் வரும். அபராதம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போக வேண்டிய நிலை இதனாலேயே பெருமளவு குறைகிறது. இலங்கையில் ஆண்டுதோறும் தண்டனை பெற்றுச் சிறைக்குள் வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அபராதம் கட்ட முடியாமல் வருபவர்கள். அந்த நாட்டுச் சிறைகள் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பியிருக்கின்றன. வறுமையைத் தவிர வேறு குற்றம் அவர்களில் பலர் மேல் இல்லை.

ஸ்வீடனின் கோடு இப்போது மேலே போகிறது. கும்பல் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு தண்டனைகளைக் கூட்டினார்கள், இடம் போதவில்லை, 2025 ஜூனில் எஸ்டோனியாவின் டார்ட்டு நகரச் சிறையை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். டென்மார்க் கொசோவோவில் 300 இடங்களுக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஐம்பது வருடம் ஒன்றாக நடந்த கோடுகள் பிரியத் தொடங்கிவிட்டன. அடுத்த பத்தாண்டில் இந்த நாடுகளையும் ஃபின்லாந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் பார்ப்பேன்.

இந்தியாவில் எண்ணைக் குறைக்கும் திருகாணி சட்டமன்றத்தைவிட நீதிமன்ற வராந்தாவில்தான் அதிகம் இருக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான உத்தரவு போட்டது. ஜாமீன் ஆணையை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே போகவில்லை என்றால் அவர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அதே ஆண்டு மத்திய அரசு, ஏழைச் சிறைவாசிகளுக்கு ஜாமீன் தொகைக்காக 40,000 ரூபாய் வரையும், அபராதத்துக்காக 25,000 ரூபாய் வரையும் உதவும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாவட்ட அளவிலான குழு பரிந்துரைக்க வேண்டும். இவை இருப்பதே தெரியாமல் உள்ளே கிடப்பவர்கள் ஏராளம். உங்கள் தெருவில், உங்கள் வேலையிடத்தில், யாராவது ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் இருந்தால் அவருடைய வழக்கு எண்ணையும் சிறையின் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு, நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். தொலைபேசியில் என்றால் 15100. கட்டணம் கிடையாது.